குருட்டு மாடி வெயில்

சேந்தமுனைக் கோயிலின் குருட்டு மாடியில் வெயில் அடிக்கத் தொடங்கியது ஐப்பசி மாதத்து அடைமழை ஞாயிறு ஒன்றில், பங்குச் சாமியார் லியாந்தர் நோவாவின் பேழையைப் பற்றி வழக்கத்தைவிட நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது. மேலே எப்ராசி ஒருத்திதான் இருந்தாள். கறுப்புச் சேலையின் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டு, இந்த மனுசன் எப்போதுதான் ஆமென் சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், புறங்கையில் சூடாக என்னவோ விழுகிறதே என்று குனிந்து பார்த்தால், வெயில்.

காலை பத்து மணி வெயில். ஜன்னல் கம்பிகளின் நிழலோடு, சாய்வாக, ஒரு பாய் விரித்த அளவுக்குத் தரையில் விழுந்து கிடந்தது. ஒரு காக்கையின் நிழல்கூட அதன் குறுக்கே போயிற்று. ஜன்னல்தான் இல்லை. எப்ராசி சுவரைப் பார்த்தாள். சுவர் சுவராகவே இருந்தது. பிறகு அவள் செய்ததை எந்தக் குடும்பப் பெண்ணும் செய்திருப்பாள்: முந்தானையை உதறி வெயிலில் விரித்தாள், பேழை அராராத் மலையில் தரைதட்டுவதற்குள் அது காய்ந்துவிட்டது.

அந்த மாடிக்கு ஜன்னல் வைக்காதது கொத்தனார் குற்றமில்லை. கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார், தன் சொந்த ஊரில் எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எழுப்பிய பெரிய கோயிலை மனசிலேயே சுமந்துகொண்டு கப்பலேறி வந்தவர். அந்தக் காலத்தில் அந்தக் குளிர் தேசங்களில் கோயிலை மூன்று அடுக்காகக் கட்டுவார்களாம்: கீழே தூண்களும் பெரிய வளைவுகளும், உச்சியில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்ன வளைவுகளாக ஒரு வரிசை, அந்த வரிசைக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிற அகலத்தில் ஒரு நடை. பக்கத்துக் கூரை சரிந்து வந்து அந்த நடு அடுக்கின் முதுகிலே சாய்ந்துகொள்வதால் அங்கே வெளிச்சத்துக்கு வழியே கிடையாது. அதையும் விடாமல் அப்படியே சேந்தமுனைக் கடற்கரையில் கட்டச் சொன்னார். “சாமி, நடு மாடிக்கு ஜன்னல் எங்கெ?” என்று கொத்தனார் கேட்டாராம். “கிடையாது.” “பெறவு எதுக்கு சாமி மாடி?” சாமியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அழகுக்கு” என்றாராம்.

அழகுக்கென்று ஒரு மாடியைச் சும்மா போட்டுவைக்க எந்த ஊருக்கு மனசு வரும்? இருட்டான இடம், கீழே இருப்பவர்கள் அண்ணாந்தாலும் ஆள் தெரியாத இடம், இப்படிப்பட்ட இடத்தில் எதை வைக்கலாம் என்று ஊர் யோசித்தது, யோசித்ததும் தன்னிடம் விதவைகள் இருப்பது அதற்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து புருஷன் செத்தவள் ஒரு வருஷம் அங்கேதான் பூசை காணவேண்டும். முதல் மணி அடிக்குமுன் கல்லறைத் தோட்டத்துப் பக்கமுள்ள சின்னக் கதவைத் திறந்து சுவருக்குள் சுழன்று போகும் படியில் ஏறிவிட வேண்டும். அந்தக் கதவின் சாவி அந்த வருஷம் அவளிடம் இருக்கும். ஊர் அவளுக்குக் கொடுக்கும் மரியாதை அது ஒன்றுதான். மேலே வாய் திறக்கக்கூடாது, பாட்டு கூடாது, ‘உம்மோடும் இருப்பாராக’ என்று முணுமுணுக்கவும் கூடாது. எல்லோரும் கலைந்தபிறகு வந்த வழியே இறங்கி நேரே வீட்டுக்குப் போகவேண்டும். படியின் அடியில் இன்னொரு கதவும் உண்டு, கோயிலுக்குள் திறப்பது. அதன் தாழ்ப்பாள் கோயில் பக்கம் இருந்தது. கட்டிய நாளிலிருந்து அதை யாரும் திறந்ததில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் வெள்ளையடிக்கிறவர்கள் தாழ்ப்பாளையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்கள்.

எப்ராசியின் புருஷன் மிக்கேல் படகு என்ஜின் மெக்கானிக். போன கார்த்திகையில் மத்தியானச் சோறு சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரே மகளை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மிச்சம் எப்ராசியும் மாமியார் கித்தேரியம்மாளும்தான். “நான் இருந்தேன், நீயும் இருந்துதான் ஆகணும்” என்று சாவியை மருமகள் கையில் வைத்தவள் கித்தேரியம்மாள். அவள் வாய்க்குப் பயந்து மீன் விற்கிறவன்கூட அந்தத் தெருவில் குரலைத் தணித்துக்கொண்டு போவான்.

எப்ராசிக்கு இருட்டுகூடப் பெரிசில்லை. வாயை மூடியிருப்பதுதான் கொடுமை. இருபது வருஷமாகப் பாடல் குழுவுக்கு முதல் குரல் அவள்தான். மூன்றாம் பெஞ்சில், மின்விசிறிக்கு அடியில், ஓரத்து இடம் அவளுடையது. கன்னியர் பள்ளியில் சிஸ்டர்கள் பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டி வளர்த்த குரல். மிக்கேல் எண்ணெய்க் கையோடு கடைசித் தூணில் சாய்ந்து நின்று அந்தக் குரலுக்காகவே பூசைக்கு வருவார், பிரசங்கத்துக்கு வெளியே போய்விடுவார். இப்போது அந்த இடத்தில் ரெஜினாள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பாட்டையும் எட்டாத உயரத்தில் எடுத்து, பாதியில் மூச்சு வாங்கி, மிச்சத்தை ஊர் தலையில் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பது, வேறொருத்தி தன் அடுக்களையில் நின்று பாலைப் பொங்கவிடுவதைக் கை கட்டிப் பார்ப்பது மாதிரி. மிக்கேலின் ஆண்டுப் பூசை முடியட்டும், கிறிஸ்துமஸுக்குள் கீழே போய்விடலாம், பாடிவிடலாம் என்ற ஒரே நினைப்பில்தான் அவள் ஞாயிறுகளைக் கடத்தினாள்.

வெயில் வந்தபிறகு அவளுடைய சேலைகள் மொடமொடவென்று காய்ந்து கிடந்தன. ஊரே ஊறின துணி நாற்றத்தோடு நடமாடிய ஐப்பசியில் அது எத்தனை நாள் மறையும்? ரெஜினாள்தான் முதலில் மோப்பம் பிடித்தாள்.

“மைனி, ஒங்க சேல மட்டும் எப்படிக் காயுது?”

“வெயில்ல.”

“எந்த ஊரு வெயில்ல?”

“குருட்டு மாடியில அடிக்குது.”

வேறு ஊராக இருந்தால் எப்படி, ஏன், யார் செயல் என்று கேட்டிருப்பார்கள். ரெஜினாள் வாசலில் மழையைப் பார்த்தாள், வீட்டுக்குள் கட்டிய கொடியில் மூன்று நாளாகத் தொங்கும் பள்ளிக்கூடச் சீருடைகளை நினைத்தாள், கேட்டாள்: “எம்புட்டு எடம் இருக்கும்?”

இடம் நிறையவே இருந்தது. மறுநாள் ரெஜினாளின் சீருடைகள் போயின, அதற்கு மறுநாள் அவள் தெருவே போயிற்று. மசாலாவுக்கு மிளகாயும் மல்லியும் போயின, கைக்குழந்தைகளின் துணி போயிற்று, பலகாரத்துக்குக் களைந்த அரிசி போயிற்று, வடகம் போயிற்று, தலையணைப் பஞ்சு போயிற்று. போகப் போக வெயிலும் அகலமாயிற்று. ஒரு பாய் அளவு இருந்தது பத்துப் பாய் அளவாகி, தூண்களுக்கு நடுவே வளைந்து, மூலைகளைத் தேடிப் போய்ப் படுத்தது. காலையில் எப்ராசியைப் பார்த்தால் போகிற காரியம் கெடும் என்று தெருவைக் கடந்து எதிர்ச் சாரிக்குப் போன பெண்களெல்லாம் இப்போது விடிந்ததும் விடியாததுமாக அவள் வாசலிலே முழித்து, “சாவிய எடுத்துட்டு வாங்க மைனி” என்று நின்றார்கள். அவளும் தினமும் போனாள். கூடவே ஏறி, வெயிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மிளகாயைக் கிளறிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டாள். வாயைத் திறக்கக்கூடாது என்ற சட்டம் வார நாட்களில் உண்டா இல்லையா என்று யாரும் யோசித்திருக்கவில்லை, ஆகவே பேசினாள்.

லியாந்தர் சாமியார் ஒருநாள் மூச்சிரைக்க ஏறி வந்து, வெயிலில் நின்று, மிளகாய் நெடியில் ஏழெட்டுத் தும்மல் போட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார். அற்புதப் புதுமை என்று அறிவித்தால் மேலிடத்திலிருந்து விசாரிக்க வருவார்கள், வருகிறவர்களுக்குச் சோறு போடவேண்டும், அவர்கள் போகும்வரை மிளகாய் காயாது என்பதையெல்லாம் பெண்கள் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர் விவரமானவர். இறங்கிப் போய்த் தன் அங்கிகள் இரண்டைக் கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தூபப் புகையோடு கருவாட்டு வாசமும் பீடத்துக்கு வந்து சேர்ந்தபோது மட்டும், சனி மத்தியானத்திலிருந்து ஞாயிறு பூசை முடியும்வரை கருவாடு கூடாது என்று பிரசங்கத்தில் கண்டிப்பாகச் சொன்னார். திருச்சபைக் கட்டளைகளில் சேந்தமுனை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

கித்தேரியம்மாள் மட்டும் போய்ப் பார்க்கவில்லை. “வெயிலு என்ன, நான் காணாத வெயிலா” என்றாள். கார்த்திகை பிறந்து ஒரு காலையில், என்ன தோன்றியதோ, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மருமகளின் பின்னாலேயே ஏறிவிட்டாள். அன்று வேறு யாரும் இல்லை. கிழவி மிளகாய்களைத் தாண்டி, துணிகளை விலக்கி, நாலாவது தூணடியில் போய் நின்றாள். குனிந்து தரையைத் தடவினாள். உட்கார்ந்தாள்.

“இங்கெதான் இருந்தேன்” என்றாள்.

“எங்க மாமி?”

“இந்த எடத்துலதான். எனக்கு அப்பம் இருபத்திநாலு வயசு. ஒம் மாமனாரு கடல்ல போனப்ப ஒம் புருசன் கைப்புள்ள. வீட்டுல விட ஆளில்ல, தூக்கிட்டு வருவேன். இருட்டு, மடியில புள்ள மூஞ்சி தெரியாது. அழுதாம்னா கீழ கேட்டுருமேன்னு வாயப் பொத்துவேன். ஒரு வருசம் பொத்துனேன்.” கையை மடியில் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒருநாள் ரொம்ப அழுதான். மூஞ்செல்லாம் சுடுது. முடியாம எறங்கிப் போயி அந்த உள் கதவத் தள்ளுனேன். தாப்பா அந்தப் பக்கம்லா இருக்கு. அங்கெயே நின்னேன். பூச முடிஞ்சு எல்லாரும் போனப் பெறவுதான் வீட்டுக்குப் போனேன்.”

எப்ராசி கிழவியின் எதிரில் உட்கார்ந்தாள். “இதெல்லாம் தெரிஞ்சுமா மாமி என்னைய ஏத்திவிட்டீங்க?” என்று கேட்டாள், கேட்டபிறகுதான் அது எத்தனை கூர்மை என்று தெரிந்தது.

கிழவி கையைக் கவிழ்த்தபடியே வைத்திருந்தாள். வெயில் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. எப்ராசியின் பக்கம்தான் நிறையக் கிடந்தது. கித்தேரியம்மாளின் மடிவரை வந்து, சேலைக் கரையில் நின்றுவிட்டது.

அந்த வாரமே எப்ராசிக்குக் காய்ச்சல் கண்டது. சாவியை ரெஜினாளிடம் கொடுத்தனுப்பினாள். ரெஜினாள் மூன்று சுளகு மிளகாயோடு ஏறி, மூச்சுக்கூட விடாமல் இறங்கி ஓடி வந்தாள். மேலே இருட்டு. பழைய இருட்டு, கை நீட்டினால் கை தெரியாத இருட்டு. மறுநாளும் இருட்டு. அதற்குள் மல்லியில் பூசணம் பிடித்துவிட்டது. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, வெயில் மாடிக்கு வரவில்லை, எப்ராசிக்கு வந்திருக்கிறது என்று.

காய்ச்சலில் கிடந்தவளைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. ஆட்டுக்கால் சூப்பு வந்தது, இஞ்சிச் சாறு வந்தது, பிரெட் வந்தது, லியாந்தர் சாமியாரே வந்து நெற்றியில் சிலுவை போட்டு, “எப்ப எந்திரிப்பாங்க?” என்று கித்தேரியம்மாளிடம் கேட்டார். மிக்கேல் செத்த வாரத்தில் ஒரு செம்பு காப்பி கொண்டுவந்து தராத தெரு அது.

காய்ச்சல் விட்டது. எப்ராசி ஏறினாள். வெயில் அவளுக்கு முன்னாலேயே போய்ப் படுத்திருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வருஷம் முழுக்க ஒருவரும் எட்டிப் பார்க்காத வாசலில் ஆள் நிற்கிறார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், முறுக்கு சுட்டால் முதல் தட்டு அவள் வீட்டுக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கீழே பாட்டு கிளம்பும்போது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது மிளகாய் நெடிக்காக என்று சொல்லித் தன்னை ஏமாற்ற அவளால் முடியவில்லை.

ஆண்டுப் பூசை வந்தது, முடிந்தது. முடிந்த மறு ஞாயிறு மாமியார் எடுத்துக் கொடுக்கும் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய்த் தன் பெஞ்சில் உட்காரவேண்டும் என்பது வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் கமிட்டித் தலைவர் தோபியாஸ் குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊரில் குடை மடக்குவதைக்கூடக் கூட்டம் போட்டுச் செய்கிறவர்; பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

“தங்கச்சி, ஊருக்காக ஒண்ணு கேக்க வந்திருக்கோம். பொங்கல் வரைக்கும் மேலயே இருந்துரணும். மழை ஓஞ்சிரட்டும்.”

“என் வருசம் முடிஞ்சிட்டே அண்ணாச்சி.”

“முடிஞ்சிட்டு, யாரு இல்லேன்னா? இது துக்கம் இல்லம்மா, இது மரியாதை. மெத்த போட்டுத் தாறோம். ஃபேன் மாட்டித் தாறோம். ஒங்களத் தாய் மாதிரி வச்சிக்கிடுவோம்.”

“எனக்குக் கிறிஸ்மஸ்க்குப் பாடணும்.”

தோபியாஸ் சிரித்தார். “பாட்டு என்ன தங்கச்சி, யாரும் பாடிரலாம். வெயிலு யாரு அடிப்பா?”

எப்ராசி மாமியாரைப் பார்த்தாள். கித்தேரியம்மாள் எழுந்து நாலு வார்த்தை கேட்பாள், தோபியாஸ் குடையை மறந்துவிட்டு ஓடுவார் என்று காத்திருந்தாள். கித்தேரியம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டு, “அவ இஷ்டம்” என்றாள். அவ்வளவுதான்.

எப்ராசி மறுக்கவில்லை. ஊர் பாதிச் சமையல் மேலே காய்ந்துகொண்டிருந்தது. அதைவிட, கீழே இறங்கினால் வெயில் போய்விடும், வெயில் போனால் வாசலில் ஆள் நிற்காது, பழையபடி எதிர்ச் சாரிக்குப் போவார்கள் என்ற பயம் அவளுக்குப் பெரிசாக இருந்தது. பொங்கல் வரைக்கும்தானே என்றாள். பொங்கலுக்குப் பிறகு வேறு ஏதாவது காயவேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

அதற்குப் பிறகு கித்தேரியம்மாளுக்குப் புதிதாக ஒரு பக்தி வந்தது. தினமும் காலைப் பூசைக்குப் போனாள். பூசை முடிந்து எல்லோரும் வெளியேறினபிறகும் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கத்து மூலையில், சுவரோடு சுவராக நின்றாள். மேலே மிளகாய் கிளறிக்கொண்டிருந்த எப்ராசிக்கு வளைவு வழியாகக் கிழவியின் முதுகும் ஆடுகிற முழங்கையும் மட்டும் தெரியும். இந்த வயசில் அப்படி என்ன பாவம், இத்தனை நாள் சொல்லியும் தீராத பாவம் என்று ஊர் பேசிக்கொண்டது. வீட்டில் தேங்காய் எண்ணெய் வேறு சீக்கிரம் தீர்ந்துகொண்டே வந்தது. “தலைக்குத் தேய்க்கேன்” என்றாள் கித்தேரியம்மாள். அவள் தலையிலோ நாலு முடிதான்.

கிறிஸ்துமஸ் காலை பூசைக்குக் கிளம்பும்போது கிழவி பெட்டியைத் திறந்து பச்சைச் சேலை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இதக் கட்டு.”

“மேல போறதுக்கு எதுக்கு மாமி?”

“இருட்டுக்குள்ள எவ பாக்கப்போறா? கட்டுன்னா கட்டு.”

மழை கொட்டியது. குடைக்குள் பச்சைச் சேலையை ஒருவரும் கவனிக்கவில்லை. எப்ராசி கல்லறைப் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். வெயில் இருந்தது, அன்று அதற்கும் என்னவோ திருநாள் மாதிரி, மிளகாய்களின் மேல் தகதகவென்று அடித்தது. கீழே கோயில் நிறைந்து வழிந்தது. குடிலில் நட்சத்திரம் எரிந்தது. மணிகளெல்லாம் ஒன்றாக அடிக்க, மகிமைப் பாட்டுக்கு ஊர் எழுந்து நின்றது, ரெஜினாள் எடுத்தாள்.

எடுத்த எடுப்பிலேயே உத்திரத்துக்கு மேல் எடுத்துவிட்டாள். இரண்டாம் அடியில் கூட வந்த குரல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மூன்றாம் அடியில் ரெஜினாள் தனியாக ஒரு உச்சியில் நின்று, இறங்க வழி தெரியாமல் தவித்தாள். எப்ராசியின் கையிலிருந்த மிளகாய் நசுங்கியது. மிக்கேல் நிற்கும் கடைசித் தூணைப் பார்த்தாள். அங்கே யாரோ ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டாள்.

சுழல் படியில் இருட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அடியில் வலப்பக்கம் கல்லறைக் கதவு, திறந்த கதவு, வீட்டுக்குப் போகிற கதவு. இடப்பக்கம் திறக்காத கதவு. அவள் இடப்பக்கம் திரும்பி இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினாள். கதவு மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு தாழ்ப்பாள், கட்டிய நாளிலிருந்து பூசின வெள்ளையெல்லாம் பொரிந்து விழ, எண்ணெயில் நழுவி, சத்தமே இல்லாமல் விலகியது.

கித்தேரியம்மாள் கையில் எண்ணெய்க் குப்பியோடு நின்றாள்.

“வா” என்றாள். “படி பாத்து வா.”

பாட்டு நின்றுவிட்டது. லியாந்தர் சாமியார் விரித்த கையோடு பீடத்தில் நின்றார். ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பச்சைச் சேலையை, அவள் பின்னால் படியில் ஆட்டுக்குட்டி மாதிரித் தத்தித் தத்தி இறங்கி வந்த வெயிலை, பிறகு அண்ணாந்து, ஒவ்வொரு வளைவாக இருண்டுகொண்டு போன குருட்டு மாடியை. முதலில் சுதாரித்தவர் தோபியாஸ்.

“பெரியம்மா! ஊரு மிளகாயெல்லாம் மேல கெடக்குதே!”

“கெடக்கட்டும்ல” என்றாள் கித்தேரியம்மாள். அவள் குரல் பிரசங்கத்துக்குக்கூடக் கிடைக்காத அமைதியில் கணீரென்று விழுந்தது. “மிளகாய்க்கு வாயில்ல, கெடக்கும். இவளுக்கு வாயிருக்கு. பாடட்டும்.”

எப்ராசி நடந்தாள். அத்தனை கண்ணுக்கும் நடுவே மூன்றாம் பெஞ்சு வரை நடப்பது, குருட்டுப் படியில் ஏறுவதைவிட நீளமாக இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் போய் நின்றாள். இடமில்லை. ரெஜினாள் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. பிறகு முழங்கையால் பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

“ஏளா, தள்ளி நில்லு. மைனி எம்புட்டு நேரம் நிப்பாங்க?” என்றாள். ஓரம் காலியானதும் எப்ராசியின் காதோடு முணுமுணுத்தாள்: “சுதிய ரொம்ப ஏத்திட்டேன் மைனி. நீங்க எறக்கிருங்க.”

எப்ராசி வாயைத் திறந்தாள். ஒரு வருஷமாக மூடிக் கிடந்த குரல், முதல் அடியில் துருப்பிடித்த கீல் மாதிரிக் கிரீச்சிட்டது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் அடியில் தொண்டை நனைந்தது. மூன்றாம் அடியில் ரெஜினாள் சேர்ந்துகொண்டாள், நாலாம் அடியில் பெண்கள் பக்கம் சேர்ந்தது, பிறகு ஆண்கள் பக்கம், கடைசியில் தோபியாஸும், குடிலும் நட்சத்திரமும் நனைந்த குடைகளும் சேர்ந்து பாடின மாதிரி இருந்தது. மழைச் சத்தம் அதற்கடியில் எங்கோ போய்விட்டது.

வெயில் அவளுடன் பெஞ்சுக்கு வரவில்லை. அவள் கண்ணோரத்தில் பார்த்தாள். அது உள் கதவின் வாசலில் கொஞ்சம் தயங்கி, தரையில் ஊர்ந்து, தொட்டி மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்ட கித்தேரியம்மாளின் பாதத்தில் ஏறி, முழங்காலில் ஏறி, மடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு கைப்பிள்ளை அளவுக்குத்தான் இருந்தது. கிழவி கவிழ்த்து வைத்திருந்த கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய, அதற்கு இடம் கொடுத்தாள். “சுடுதே” என்று முனகினாள். பூசை முடியும்வரை அசையவில்லை.

அந்த வருஷம் சேந்தமுனை மிளகாயில் பாதி பூசணத்துக்குப் போயிற்று. பொங்கல் வரைக்கும் ஊர் புலம்பியது. சாம்பாரில் காரம் இல்லை என்று புருஷன்மார்கள் முனகினபோதெல்லாம், பெண்கள் தோபியாஸிடம் போய்க் கேட்கச் சொன்னார்கள். குருட்டு மாடியில் அதற்குப் பிறகு வெயில் அடிக்கவில்லை. அங்கே குடில் செய்கிற வைக்கோலும் உடைந்த பெஞ்சுகளும் திருவிழாத் தோரணங்களும் கிடக்கின்றன. ஜன்னலில்லாத மாடியில் வைக்கத்தக்கவை அவைதான் என்று இப்போது எல்லோருக்கும் தோன்றுகிறது, எப்போதுமே அப்படித்தான் தோன்றியது போலவும் பேசுகிறார்கள். எப்ராசியின் வாசலில் முன்னைப் போல் ஆள் நிற்பதில்லை. ஆனால் யாரும் எதிர்ச் சாரிக்குப் போவதுமில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் ரெஜினாள் வந்து சுதி பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகிறாள்.

அடுத்த பங்குனியில், ஐஸ் கம்பெனி லாரி ஓட்டினவன் ஒருவன் விபத்தில் செத்து, அவன் பெண்டாட்டி, சின்னப் பெண், கறுப்புச் சேலையில், இடுப்பில் கைப்பிள்ளையோடு முதல் மணிக்கு முன்னால் வந்து கல்லறைப் பக்கக் கதவில் நின்றாள். சாவி கொடுக்க யாரும் வரவில்லை. கதவைத் தள்ளினாள்; பூட்டியிருக்கவில்லை, உள்ளே படிவரை வைக்கோல். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளை, முன்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த கித்தேரியம்மாள் பார்த்தாள்.

“ஏளா, அங்க என்னத்துக்கு நிக்க? இங்க வா.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூன்றாம் பெஞ்சில், எப்ராசிக்குப் பக்கத்தில் உட்கார்த்தினாள். பெஞ்சு ஒரு தரம் தள்ளி உட்கார்ந்தது. பூசை தொடங்கியது. லியாந்தர் சாமியார் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்த நேரம் பார்த்துப் பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. கோயில் அதிர அழுதது, வளைவுகளில் முட்டி, குருட்டு மாடி வரை ஏறித் திரும்பி வந்தது. அந்தப் பெண் பதறிப்போய்ப் பிள்ளையின் வாய்க்குக் கையைக் கொண்டுபோனாள்.

கித்தேரியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடு” என்றாள். “அழட்டும்.”